ஆறு கொடுத்த மண், கடல் கேட்கும் மண்

(இடக்கொச்சியில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வையும் ரேஷன் அட்டையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் பேச வேண்டிய மேடையில் ஆறும் தீவும் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் வாடகைக்குக் குடியிருக்கும் வீடுகளைப் பாருங்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் காயல் நீர் முற்றத்தில் ஏறுகிறது. வேலியேற்றம் என்று மலையாளத்தில் சொல்கிறார்கள். நீர் வடிந்தாலும் உப்பு வடிவதில்லை. அது சுவரைத் தின்கிறது, கிணற்றைக் கெடுக்கிறது. அந்தத் தண்ணீருக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்று நமக்குத் தெரியும்.

இந்தக் கொச்சியை உண்டாக்கியது ராஜாவும் அல்ல, வெள்ளைக்காரனும் அல்ல, பெரியாறு. ஆற்றின் முகத்துவாரத்தில் அன்று இருந்த துறைமுகம் முசிறி. யவனர் கப்பல்கள் அங்கே பொன் கொடுத்து மிளகு வாங்கிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியிருக்கிறார். வடக்கே பறவூர் அருகில் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகளும், பழைய படகுத்துறையும், மரத்தோணியும் கிடைத்தன.

1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது. பழைய முகத்துவாரம் தூர்ந்தது, கொச்சியில் வாய் திறந்தது, ஆறு கொண்டுவந்த வண்டலில் வைப்பின் தீவு எழுந்தது என்பது வழிவழியாக வரும் வரலாறு. அந்தத் தீவின் மக்கள் அந்த ஆண்டையே தொடக்கமாக வைத்து ‘புதுவைப்பு’ என்று ஆண்டுக் கணக்கு வைத்தார்கள். அரசன் முடி சூடிய நாளிலிருந்து ஆண்டு கணக்கிட்டவர்களை நாம் அறிவோம். மண் பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டவர்கள் இவர்கள்! மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சங்காடியில் யூதர்கள் கட்டிய ஜெபாலயத்தின் கல்வெட்டு 1344-45ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெள்ளம் வந்து சில ஆண்டுகளுக்குள் இங்கே ஒரு வழிபாட்டு வீடு எழுந்துவிட்டது. துறைமுகம் போன இடத்துக்கு மக்களும் போனார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வருவது நம்மோடு தொடங்கியதல்ல, தோழர்களே!

உப்பும் நன்னீரும் மாறி மாறி வரும் இந்த மண்ணில் உழைப்பாளிகள் ஒரு வாழ்க்கையையே கண்டுபிடித்தார்கள். மழை பெய்து உப்புக் கரையும் மாதங்களில் பொக்காளி நெல். அறுவடையில் கதிரை மட்டும் கொய்து தாளை நீரிலேயே விடுவார்கள். கடல்நீர் திரும்பி ஏறும்போது மதகைத் திறந்து அதே வயலில் இறால் வளர்ப்பார்கள். தாள் அழுகி இறாலுக்கு உணவு. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். எந்தப் பல்கலைக்கழகமும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சேற்றில் நின்ற ஆண்களும் பெண்களும் கண்ட அறிவு இது. பண்பாடு என்பது இதுதான்.

அந்த அறிவுக்கு அடித்தளமான மண் இன்று எங்கே? 1895இல் முல்லைப்பெரியாறு அணை, 1976இல் இடுக்கி அணை. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில்தான் தேனியும் மதுரையும் சிவகங்கையும் ராமநாதபுரமும் விளைகின்றன. நம்மில் பலர் உண்டு வளர்ந்த சோறு அது. அந்த உரிமையை நாம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அணை தண்ணீரைத் தேக்கும்போது வண்டலையும் தேக்குகிறது என்ற உண்மையை மறைக்கவும் வேண்டாம். அணைக்குக் கீழே மீந்த மணலைப் பல ஆண்டுகள் கட்டடங்களுக்கு அள்ளினார்கள். லாபம் ஒருவருக்கு, சாந்து குழைத்த கூலி நமக்கு.

கடல் பக்கம் வாருங்கள். 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிக் கப்பல்வழி அமைத்தார். வெட்டிய மண்ணில் வில்லிங்டன் தீவு உண்டாயிற்று. அந்தக் கப்பல்வழியில் இன்றும் தூர் வாருகிறார்கள். வாரிய மண் கடலுக்குள் கொட்டப்படுகிறது. வழிக்கு வடக்கே புதுவைப்பில் நிலம் சேர்ந்தது. அங்கே 2013இல் எரிவாயு முனையம் வந்தது. தெற்கே, நமக்கு எட்டும் தூரத்தில், செல்லானத்தில் கரை கரைந்தது. கடல் கொடுத்த நிலம் கம்பெனிக்கு, கடல் எடுத்த நிலம் மீனவனுடையது! இது இயற்கை மட்டும் செய்த பங்கீடா?

2017இல் ஓகி, 2021இல் டவ்தே. இரண்டு புயலிலும் செல்லானத்து வீடுகளுக்குள் கடல் புகுந்தது. மக்கள் விடாமல் போராடிய பிறகே டெட்ராபாட் கற்களால் ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுவர் எழுந்தது. சுவர் உள்ள இடத்தில் மக்கள் தூங்குகிறார்கள். முதற்கட்டச் சுவர் எட்டாத கண்ணமாலிப் பக்கம் அதற்குப் பின்னும் கடல் ஏறியது.

கடலோரத்தை விட்டு வெளியேறும் குடும்பத்துக்குப் புனர்கேகம் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் என்று கேரள அரசு அறிவித்தது. வீடு கிடைக்கலாம். ஆனால் மீன் எந்தப் பக்கம் வருகிறது என்று கரையில் நின்றே சொல்லும் கிழவரின் அறிவுக்கு எத்தனை லட்சம்? ஆண்டுதோறும் மார்ச் 19இல் கண்ணமாலி கோயிலில் சாதி மதம் பாராமல் எல்லோருக்கும் சோறு போடும் சூசையப்பர் திருநாளை எந்த வாடகை வீட்டுக்குத் தூக்கிச் செல்வது? ஆள் சிதறினால் ஊர் சிதறும். ஊர் சிதறினால் பாட்டும் தொழிலும் பேச்சும் சிதறும்.

இதை நாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கோட்டைக் கொச்சி வெளியில் உள்ள சலவைத்துறையைப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் ராணுவ உடுப்பு வெளுக்கக் கொண்டுவரப்பட்ட தமிழரின் வழிவந்தவர்கள் அவர்கள். இன்றும் வீட்டில் தமிழ்தான். காரணம், ஒரே இடத்தில் ஒன்றாக இருந்தார்கள். 1976இல் வந்த சலவைத்துறையும் அவர்களை ஒன்றாகவே வைத்தது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. கப்பல்வழியில் வாரும் மணலில் உகந்ததைக் கரைந்த கரைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். கடல் ஏறும் கரை முழுவதற்கும் பாதுகாப்பு வேண்டும். இடம் மாறியே தீர வேண்டுமானால், மக்களைக் கேட்டு, ஊரை ஊராகவே குடியமர்த்த வேண்டும். வேலியேற்றத்துக்கு நிவாரணக் கணக்கு எடுக்கும்போது வாடகைக்குக் குடியிருப்பவரையும் சேர்க்க வேண்டும். தண்ணீர் பட்டா பார்த்து வருவதில்லை!

நம் இளைஞர்களுக்கு ஒரு வேலை. அடுத்த வீட்டு மலையாளிப் பெரியவரிடம் உட்காருங்கள். எந்த ஆண்டு எதுவரை தண்ணீர் வந்தது, எந்த வயலில் பொக்காளி விளைந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் சொல்வதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டும் ஒரே ஆற்றின் கதை. செல்லானத்துக்காரர் அடுத்த முறை சாலையில் உட்காரும்போது, கையில் அந்த நோட்டோடு நாமும் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும்.