தொழிற்சாலை வெப்பம்: தண்ணீரும் ஓய்வும் சலுகையல்ல, உரிமை



வெயிலைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் தேவையா என்று சிலர் கேட்கலாம். மலேசியாவில் வெயில் புதிதா? நம் பாட்டனும் பாட்டியும் வெயிலில் வெந்துதானே இந்த நாட்டின் தோட்டங்களை உருவாக்கினார்கள்? உண்மைதான். ஆனால் நான் பேச வந்தது வெளியே அடிக்கும் வெயிலைப் பற்றியல்ல. கூரைக்குக் கீழே, தையல் இயந்திரத்துக்கு முன்னால், இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் நம்மைப் பிழியும் வெப்பத்தைப் பற்றித்தான்.

"நிழலில் உட்கார்ந்து தைக்கிற வேலைதானே, அதில் என்ன கஷ்டம்?" என்று கேட்பவர்கள் ஆடைத் தொழிற்சாலைக்குள் ஒரு பிற்பகல் நின்று பார்க்க வேண்டும். தகரக் கூரை காலையிலிருந்து வாங்கிய சூட்டைக் கீழே இறக்குகிறது. நூற்றுக்கணக்கான மோட்டார்கள் சூட்டைக் கக்குகின்றன. நீராவி இஸ்திரியிலிருந்து ஆவி கிளம்புகிறது. துணி பறக்கிறது, நூல் தூசி கிளம்புகிறது என்று காற்றாடியை நிறுத்தி விடுகிறார்கள்.

நம் உடம்பு சூட்டைத் தணிக்க முக்கியமாக நம்பியிருப்பது வியர்வையைத்தான். வியர்வை வழிந்தால் போதாது. அது காய வேண்டும். காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். அதோடு இஸ்திரி ஆவியும் சேர்ந்தால் வியர்வை காய வழியே இல்லை. சட்டை நனைகிறது, உடம்பு குளிரவில்லை. அதனால்தான் சுவரில் மாட்டிய வெப்பமானி 33 டிகிரி காட்டினாலும் உடம்புக்கு அது மிக அதிகமாகத் தெரிகிறது. டபிள்யூ.பி.ஜி.டி. என்று ஓர் அளவு உண்டு. வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், கதிர்வீச்சுச் சூடு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் அளவு அது. தொழிற்சாலையில் அளக்க வேண்டியது அதைத்தான்.

இது நம் ஊரின் பிரச்சினை மட்டுமல்ல. ஆண்டுதோறும் 240 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள் என்றும், அதனால் ஏறத்தாழ 19,000 பேர் உயிரிழக்கிறார்கள் என்றும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2024-இல் கூறியது. கம்போடியாவில் 2011-இல் மட்டும் ஆடைத் தொழிற்சாலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூட்டம் கூட்டமாக மயங்கி விழுந்தார்கள். வெப்பம், காற்றோட்டமின்மை, நீண்ட வேலை நேரம், போதாத உணவு என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாமே மனிதர்கள் மாற்றக்கூடிய காரணங்கள்.

சரி, தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்க வேண்டியதுதானே? ஏன் குடிப்பதில்லை?

குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். பீசுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அந்த 5 நிமிடமும் காசு. குறி வைத்த எண்ணிக்கையை முடிக்காவிட்டால் ஊக்கத் தொகை போகும். தலை சுற்றுகிறது என்று எம்.சி. எடுத்தால் வருகை அலவன்ஸ் போகும். ஆகவே பெண்கள் வாயைக் கட்டிக்கொண்டு தைக்கிறார்கள். யாரும் அவர்களைத் தண்ணீர் குடிக்காதே என்று தடுக்கவில்லை. சம்பளமே தடுக்கிறது. சிறுநீர்க் கடுப்பு, கிருமித் தொற்று, தலைவலி, நாளடைவில் சிறுநீரகப் பாதிப்பு, இவையெல்லாம் அப்படித்தான் வருகின்றன.

"நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சுவரில் போஸ்டர் ஒட்டுவது நிர்வாகத்துக்குச் சுலபம். தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குக் கூலி பிடிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், பார்ப்போம். தண்ணீரும் ஓய்வும் சம்பளத்தோடு சேர்ந்து வந்தால்தான் அது பாதுகாப்பு. இல்லையென்றால் வெறும் அறிவுரை.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பால்மரம் வெட்டப் போனார்களே, ஏன்? குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். மரத்தின் உடம்புக்கு ஏற்றபடி வேலை நேரத்தை வைத்தார்கள். மரத்துக்குக் கொடுத்த அந்த மரியாதையை மனித உடம்புக்குக் கொடுங்கள் என்றுதான் இன்று கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. வேலையிடத்தில் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் உறுதிசெய்வது முதலாளியின் கடமை. மீறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 2 ஆண்டு வரை போகலாம். 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும்.

பிரிவு 26ஏ மிக முக்கியம். உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. ஆகவே முதலில் ஆபத்தைத் தெரிவியுங்கள். சாட்சியோடு தெரிவியுங்கள். தேதி, நேரம் எழுதி வையுங்கள்.

தீபகற்பத்தில் நடப்பில் உள்ள வேலைச் சட்டப்படி, பொதுவாகத் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல், குறைந்தது 30 நிமிட ஓய்வு இல்லாமல் வேலை வாங்கக் கூடாது. ஆனால் வெப்பத்துக்கு அது போதாது.

ஓட்டை எங்கே இருக்கிறது தெரியுமா? இத்தனை டிகிரியைத் தாண்டினால் வேலையை நிறுத்து என்று திருத்தப்பட்ட சட்டத்திலும் ஓர் எண் இல்லை. வெப்ப அழுத்தம் பற்றி 2016-இல் வெளியிடப்பட்ட வழிகாட்டி இருக்கிறது, அது வழிகாட்டிதான். குளிர்சாதனம் உள்ள கட்டடங்களுக்கு 23 முதல் 26 டிகிரி என்று 2010-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. குளிரறையில் இருப்பவருக்கு எண் உண்டு, வெந்து தைப்பவருக்கு எண் இல்லை. இது நியாயமா? அண்டை நாடான சிங்கப்பூரில் 2023 அக்டோபர் முதல், வெளிப்புறத்தில் கடும் உடலுழைப்பு செய்பவருக்கு டபிள்யூ.பி.ஜி.டி. 32 டிகிரியை எட்டினால் மணிக்குக் குறைந்தது 10 நிமிடமும், 33 டிகிரியை எட்டினால் 15 நிமிடமும் ஓய்வு தர வேண்டும். அங்கே முடிகிறது என்றால் இங்கே தொழிற்சாலைக்குள்ளும் முடியும்.

ஆகவே பாதுகாப்புக் குழுவிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. வேலை நடக்கும் இடத்திலேயே பிற்பகலில் டபிள்யூ.பி.ஜி.டி. அளந்து, எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும்.

2. கைக்கெட்டும் தூரத்தில் குளிர்ந்த குடிநீர். கழிப்பறைக்குப் போக அனுமதிச் சீட்டு கூடாது.

3. வெப்பம் கூடிய நேரத்தில் சம்பளம் பிடிக்காத குறு ஓய்வு. அதற்கேற்ப அன்றைய எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும்.

4. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, சூட்டை வெளியேற்றும் காற்றாடி, இஸ்திரிப் பகுதியைத் தனியாகப் பிரித்தல்.

5. புதிதாகச் சேர்ந்தவர், நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவர் ஆகியோருக்கு முதல் 1, 2 வாரம் படிப்படியாக வேலை. உடம்பு வெப்பத்துக்குப் பழக அத்தனை நாளாகும்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவரை வெப்பம் சீக்கிரம் தாக்கும். சில மாத்திரைகள் உடம்பின் நீரைக் குறைக்கும். கிளினிக்குக்குப் போகும்போது வேலையிட வெப்பத்தைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்கம் வந்து சிகிச்சைக்குப் போனால், வேலை நேரத்தில் வந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு சொக்சோவில் கோரிக்கை வைக்க நேர்ந்தால் அந்தக் குறிப்பு உதவும்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, கிறுகிறுப்பு வந்தால் உடனே வேலையை நிறுத்திக் குளிர்ந்த இடத்துக்குப் போக வேண்டும். பேச்சுக் குழறினால், தடுமாறினால், நினைவு தப்பினால் அது உயிராபத்து. 999-ஐ அழையுங்கள். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இன்று நம் பக்கத்து இயந்திரத்தில் தைப்பவர் வங்காளதேசத்துப் பெண்ணாக இருக்கலாம், நேப்பாளியாகவோ மியன்மார்காரராகவோ இருக்கலாம். "அவர்கள் வாய் திறக்காமல் வேலை செய்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?" என்று நிர்வாகம் நம்மைப் பிரிக்கும். அவர்களின் பெர்மிட் முதலாளியின் கையில் இருக்கிறது; அதனால் வாய் திறக்கவில்லை. ஒப்பந்தக் கூலியாக வந்த நம் முன்னோரின் நிலைமையும் இதுதானே? பாதுகாப்புச் சட்டம் குடியுரிமை பார்ப்பதில்லை. வெப்பம் இனம் பார்ப்பதில்லை. உரிமை கேட்கும் நாமும் பார்க்கக் கூடாது. அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால்தான் நம் குரலுக்குப் பலம்.

அடுத்த வாரம் உங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்புக் குழு இருக்கிறதா, அதில் நம் பிரதிநிதி யார் என்று விசாரியுங்கள். இல்லையென்றால் 5 பேர் சேர்ந்து எழுதிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அவர் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். எல்லாரும் கேட்டால் கோரிக்கையைத்தான் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.