வீடெங்கும் வைபை

முன்னறை மோடத்தின் வைபை அலை அடுக்களைக்கு எட்டாமல் தளர்வதை நேயர்கள் பலர் அறிவர். வைபையும் ஒருவகை வானொலி அலையே; தடித்த கற்சுவரும் கம்பி பொதிந்த கொங்கிறீற்றும் அதனை மெலிவிக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு கடக்கும்; 5 கிகாஹேர்ட்ஸ் அலை விரைவிற் சிறந்ததாயினும் சுவருக்கு எளிதில் தோற்கும்.

இதற்குப் பரிகாரம் 'மெஷ்' என்னும் வலையமைப்பு. பழைய மோடத்தை அகற்ற வேண்டுவதில்லை. மெஷ் கருவிகளுள் முதன்மையானதைக் கம்பியால் மோடத்துடன் இணைத்தல் வேண்டும். ஏனையவை அதனிடமிருந்து பெற்று அப்பால் வழங்கும்.

ஆயின், இன்றைய மோடம்கள் பலவற்றுள் ரவுட்டரும் அடங்கியுள்ளது. ஒரு வீட்டில் இருவர் தலைமை வகித்தாற்போல, இரு ரவுட்டர்களும் தனித்தனியே முகவரி வழங்கினால் இணைய விளையாட்டு முதலியன இடறக்கூடும். ஆகவே மோடத்தைப் 'பிரிட்ஜ்' நிலையிலோ, மெஷ் கருவியை 'அக்செஸ் பொயின்ற்' நிலையிலோ வைத்தல் முறை. தொலைபேசியும் அதே மோடத்தில் இணைந்திருப்பின் இரண்டாவது வழியே பாதுகாப்பானது. பின்னர் மோடத்தின் சொந்த வைபையை நிறுத்திவிடலாம்.

துணைக் கருவியை அலை எட்டாத அறையிலேயே வைப்பது பயன் தராது. தான் பெறாததை அது எவ்வாறு கொடுக்கும்? அலை நன்கு எட்டும் நடுவழியே அதற்குரிய இடம். அங்கு வைத்தால், கடைசி அறையில் இணையவழி கற்கும் பிள்ளையின் பாடம் இடையில் அறாது.