பல்லிக்கு ஒரு மறைவிடம்

மட்டக்களப்பு வாவி நாற்புறமும் சூழ்ந்த புளியந்தீவில், அந்தி மயங்கி விறாந்தை விளக்குகள் ஏற்றப்பட்டதும், அவ்வொளியை நாடி முதலில் வருவன நீர்க்கரைப் பூச்சிகள். அப்பூச்சிகளை நாடி வருவன பல்லிகள். சுவரில் தொங்கும் நாட்காட்டியின் பின்புறத்திலிருந்து ஒன்று, கைமரத்துக்கும் ஓட்டுக்கும் இடையிலிருந்து ஒன்று, முன்னோர் படத்துச் சட்டத்தின் அடியிலிருந்து ஒன்று என அவை வெளிப்பட்டுத் தத்தமக்குரிய இடத்தில் வந்து நிற்கும். இக்காட்சியைக் காணாத வீடு அவ்வூரில் இல்லை. ஆயினும், பகல் முழுவதும் அவை எவ்வாறு இருந்தன என்று கேட்பவர் அரியர். கௌளி சாத்திரம் அறிந்தோர், பல்லி எத்திசையிலிருந்து சொன்னால் என்ன பலன், உடலின் எப்பாகத்தில் வீழ்ந்தால் என்ன பலன் என விரித்துரைப்பர். அது உறங்குமிடம் எத்தகையது என வினவினால் அவர்களிடமும் விடை இராது. இன்றைய பேச்சு அவ்வுறங்குமிடம் பற்றியது.

இதனைப் பேசுவதற்கு இக்காலத்தில் ஒரு காரணமும் உண்டு. மேனாடுகளில் பல்லியினத்தைச் சேர்ந்த விலங்குகளைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் வழக்கம் பரவியிருக்கின்றது. அத்தொட்டிகளின் படங்களைக் கைத்தொலைபேசித் திரையில் காணும் சிறுவர்கள், வீட்டு மூலையில் மீனின்றிக் கிடக்கும் பழைய கண்ணாடித் தொட்டியை நினைத்துக்கொள்கின்றனர். அலுமாரியை நகர்த்தித் துப்புரவு செய்யும் ஒரு நாளில், அதன் பின்னால் சிறு கடலை போன்ற இரண்டு வெண்ணிற முட்டைகள் அகப்படுகின்றன. அப்போது ஆசை செயலாகின்றது. அம்முட்டைகளையோ, அவற்றினின்று வெளிவரும் குஞ்சையோ அச்சிறுவன் என்ன செய்வான்? தொட்டியில் விடுவான், சிறிது மணல் பரப்புவான், திரையிற் கண்டதைப் போல நடுவில் ஒரு குகை செய்து வைப்பான். மூன்றாம் நாள் குஞ்சு இறந்து கிடக்கும். அக்குகை வேறொரு விலங்குக்கு உரியது என்பதை அவனுக்கு எவரும் சொல்லியிரார்.

படங்களிற் பெரும்பாலும் காணப்படுவது சிறுத்தைப் பல்லி எனப்படும் இனம். ஆப்கானித்தானம், பாக்கித்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகிய வறண்ட நிலங்களே அதன் தாயகம். அது தரையில் வாழ்வது. அதன் விரல்களில் ஒட்டும் தகடுகள் இல்லை. கண்ணாடியில் ஏற அதனால் இயலாது. பல்லிகளுள் அரிதாக அதற்கு அசையும் இமைகளும் உண்டு. தரையிற் கவிழ்த்து வைத்த குகை அதற்குப் பொருத்தமான வீடே.

புளியந்தீவு வீடுகளின் பல்லியோ சுவரில் வாழ்வது. அதற்கு இமை இல்லை. தெளிந்த படலமொன்று கண்ணை மூடியிருக்க, நாவினால் அதனை நக்கித் தூய்மை செய்துகொள்ளும். சுவரிலும் கூரையிலும் தலைகீழாக நடக்கும் அதன் ஆற்றலைக் கண்டு வியந்தவர் பலர். பல்லி தலைகீழாக நடப்பதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டிலே குறித்திருக்கின்றார். எனினும், அதன் காரணம் துலங்கியது அண்மையிலேதான். பல்லியின் பாதங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இலட்சக்கணக்கில் உள. டோக்கே எனப்படும் பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் மட்டும் அவை ஏறத்தாழ 5 இலட்சம். ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்திருக்கும். அந்நுனிகளுக்கும் சுவருக்கும் இடையே மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசையே பல்லியைத் தாங்குகின்றது என்பதனை 2000ஆம் ஆண்டிலும் 2002ஆம் ஆண்டிலும் வெளிவந்த அமெரிக்க ஆய்வுகள் காட்டின. பசையும் இல்லை, உறிஞ்சுதலும் இல்லை.

இத்தகைய பாதம் படைத்த விலங்குக்குத் தரை என்பது அச்சத்துக்குரிய இடம். பூனையும் கோழியும் நடமாடும் இடமன்றோ அது! ஆகவே, பல்லி மறைவிடத்தை மேலேதான் தேடும். அதுவும் அகன்ற அறையன்று, இடுக்கு. முதுகிலும் வயிற்றிலும் ஒருங்கே ஏதேனும் தொட்டுக்கொண்டிருந்தாலன்றி அது அமைதி கொள்வதில்லை. நாட்காட்டியின் பின்புறத்தை அது விரும்புவதற்கும், கடிகாரத்தின் பின்புறத்தை விரும்புவதற்கும் காரணம் இதுவே. மனிதன் தன் வீட்டின் விசாலத்தைக் கண்டு மகிழ்கின்றான். பல்லி தன் வீட்டின் நெருக்கத்தைக் கண்டு மகிழ்கின்றது.

இவ்விடுக்கு விருப்பமே அதனை உலகெங்கும் கொண்டுசென்றது எனலாம். தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழ்ந்த வீட்டுப் பல்லி, கப்பற் சரக்குகளின் இடுக்குகளில் ஒளிந்து பசிபிக் தீவுகளுக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வின், பிறிஸ்பேன் முதலிய நகரங்களுக்கும் குடியேறியிருக்கின்றது. சென்ற சில இடங்களில் அங்கிருந்த சிறு பல்லிகளை ஒதுக்கியும் விட்டது.

இனி, செய்முறைக்கு வருவோம். ஆனால், அதற்கு முன் ஒரு சொல். இலங்கையின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டு முதலாகத் திருத்தங்கள் பல பெற்று நடைமுறையில் இருக்கின்றது. இத்தீவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பல்லியினங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. காட்டிலும் பாறையிலும் வாழும் பல்லிகளைப் பிடித்துவந்து அடைப்பதும், வெளிநாட்டு இனங்களை அனுமதியின்றிக் கொண்டுவருவதும் சட்டத்துக்கு மாறானவை. வீட்டு முட்டையிற் பிறந்த குஞ்சைச் சிலகாலம் பேணுவதாயினும், வனசீவராசிகள் திணைக்களத்தினரிடம் கேட்டறிந்து செய்வதே முறை.

முட்டை அகப்பட்டால் அதனைப் புரட்டுதல் ஆகாது. கோழி தன் முட்டையைப் புரட்டி அடைகாக்கும்; ஊர்வனவற்றின் முட்டையிலோ கரு ஓரிடத்தில் ஒட்டி வளர்வதால், புரட்டினால் அழிந்துபோகும். மேற்புறத்தில் பென்சிலால் ஒரு புள்ளியிட்டு, அப்புள்ளி மேலே இருக்குமாறே எடுத்து, பஞ்சின்மேல் வைத்துவிட வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்துள் குஞ்சு வெளிவரும். வாலோடு சேர்த்து இரண்டங்குல நீளத்துக்கு மேல் அது இராது.

தொட்டியைப் பொறுத்தவரை, நீளத்திலும் உயரமே முக்கியம். மீன் வளர்த்த தொட்டியைக் குத்துக்கோட்டில் நிமிர்த்தி நிறுத்தினால் போதும். திறந்த பக்கத்துக்கு நுண்கண் வலைச் சட்டமொன்றைக் கதவாக இடலாம். குஞ்சு மயிரிழை இடைவெளியிலும் நழுவிவிடும் ஆதலால், சட்டம் நன்கு பொருந்த வேண்டும்.

மறைவிடத்துக்கு ஒரு பலகைத் துண்டு வேண்டும்: ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். எண்ணெயும் வர்ணமும் பூசாத பழம் பலகையே நன்று. வாவிக் கரையில் ஒதுங்கிய கட்டையாயின், உப்பு நீங்குமாறு நன்னீரில் சில நாள் ஊறவைத்துக் காயவிட வேண்டும். பலகையின் இரு நீண்ட ஓரங்களிலும் ஒவ்வோர் ஆப்புச் சட்டத்தை ஒட்டவேண்டும். ஆப்பு என்றது ஏனெனில், கீழ்முனையில் அதன் தடிப்பு ஒன்றரைச் சென்றிமீற்றர். மேல்முனையில் அரைச் சென்றிமீற்றருக்குக் குறைவு. இப்பலகையைத் தொட்டியின் பின்கண்ணாடியோடு சேர்த்து நிறுத்தினால், பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையில், கீழே திறந்தும் மேலே குறுகியும் செல்லும் இடுக்கு ஒன்று உண்டாகும். இக்குறுக்கமே இவ்வமைப்பின் உயிர். பிறந்த குஞ்சு மேலேறி மிக ஒடுங்கிய இடத்தில் தங்கும். வளர வளரச் சிறிது சிறிதாகக் கீழே இறங்கி, தன் உடலின் பருமனுக்கு ஏற்ற நெருக்கத்தைத் தானே கண்டுகொள்ளும். ஒருமுறை செய்த வீடு அதன் இளமை முழுவதற்கும் போதும். உச்சியில் ஒளி புகாதவாறு ஒரு சிறு துண்டால் அடைத்துவிட வேண்டும்.

பலகையைக் கண்ணாடியோடு பொருத்துவதற்கு மீன்தொட்டி செய்வோர் பயன்படுத்தும் சிலிக்கன் பசை ஏற்றது. அது உலரும்போது வினாகிரி மணம் வீசும். அம்மணம் முற்றும் அகன்று, மேலும் இரண்டொரு நாள் சென்ற பின்னரே குஞ்சை உள்ளே விடவேண்டும். சிலர் பசையின்றி ஓட்டுத் துண்டுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிவிடுவர். அழகாகத்தான் இருக்கும், தொட்டி சற்றே அசைந்தால் ஓடு சரிந்து, உள்ளிருக்கும் உயிர் நசுங்கிவிடும். சீமெந்தில் குகை வார்ப்போரும் உளர். புதுச் சீமெந்தின் காரம் நீங்கப் பலநாள் நீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். இத்தனை தொல்லை எதற்கு? பலகை இருக்கின்றதே.

இவ்வளவும் செய்து முடித்த சிறுவனுக்கு ஒரு குறை தோன்றும்: பல்லி மறைந்துகொண்டதே, காண்பது எவ்வாறு? அக்குறை நியாயமானதே, காண்பதற்காகத்தானே தொட்டியை அமைத்தான்! ஆனால், மறைவின்றி அடைக்கப்பட்ட பல்லி கண்ணாடியோரமாக ஓயாது அலையும், இரையைத் தொடாது, கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும் வாலையும் அச்சத்தால் முறித்துக்கொள்ளும். எந்நேரமும் காணப்படும் பல்லி நெடுநாள் வாழாது. இதற்குத்தான் பலகையைக் கண்ணாடியோடு சேர்த்து வைத்தது. தொட்டியின் வெளிப்புறத்தில், அவ்விடுக்குக்கு நேராக, ஒரு கறுப்பு அட்டையை மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டித் தொங்கவிட வேண்டும். நாளொருமுறை, அந்தி வேளையில், அட்டையை மெல்ல உயர்த்தினால், கண்ணாடிக்கு அப்பால் பல்லியின் வயிறும், விரல்களின் அடித்தகடுகளும் தெளிவாகத் தெரியும். சுவரில் நிற்கும் பல்லியில் ஒருபோதும் காணமுடியாத காட்சி அது. கைவிளக்கைப் பாய்ச்சுதல் ஆகாது. மனிதக் கண்ணுக்கு நிறம் புலப்படாத மங்கிய நிலவொளியிலும் நிறம் பிரித்தறியும் பல்லியினம் ஒன்று உண்டென 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டனர். அத்துணை நுண்ணிய கண்ணுக்கு மின்விளக்கின் ஒளி கொடிது.

மறைவிடம் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்று மட்டுமே இருப்பின், அவ்விடம் வெப்பமுற்றாலும் பல்லி அதனை விட்டு வெளிவராது. வெம்மைக்கு அஞ்சுவதிலும் வெளிப்படுவதற்கே அது மிகுதியாக அஞ்சும். ஆதலின் அங்கேயே கிடந்து வாடிவிடும். தொட்டியின் மறுகோடியில், சற்றுக் குளிர்ந்த புறத்தில், மற்றொரு மறைவிடம் அமைந்தால், பாதுகாப்பையும் குளிர்ச்சியையும் அது ஒருங்கே பெறும். மட்டக்களப்பின் வெப்பநிலைக்குத் தொட்டியைச் சூடாக்கும் மேனாட்டுக் கருவிகள் வேண்டியதில்லை. வெயில் படும் யன்னலோரத்தில் தொட்டியை வைக்காதிருந்தாலே போதும். கண்ணாடிக்குள் புகுந்த வெயில் அரைமணி நேரத்தில் உயிரைக் கொல்லும்.

இவ்விரண்டாம் மறைவிடத்துக்குச் சிரட்டை நல்லது. கண்ணுள்ள பாதிச் சிரட்டையை எடுத்து, விளிம்பில் ஓர் அங்குல அகலத்துக்கு வாயில் வெட்டி, கூர்மை போக அரத்தால் தேய்த்து, மென்மையான கண்ணைக் காற்றுக்காகத் துளைத்து, ஈரித்த தும்பின்மேல் கவிழ்க்க வேண்டும். சுவர்ப்பல்லி தரையை விரும்பாது என்று முன்னர்க் கூறியது உண்மையே. ஆயினும் தோலுரிக்கும் நாளில் அது ஈரத்தைத் தேடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் புளியந்தீவின் காற்றும் வறண்டுவிடும். உரியாத தோல் விரல்களைச் சுற்றி நூல்போல் இறுகி, ஈற்றில் விரலையே வீழ்த்திவிடும். விரல் இழந்த சுவர்ப்பல்லி ஏறும் வலிமையில் ஒரு பங்கை இழந்ததாகும். ஈரச் சிரட்டை அதனைத் தடுக்கும். தரையிலும் சுவரடியிலும் சற்று மிகுதியாகத் திரியும் புள்ளிப் பல்லியும் இவ்வூரில் உண்டு. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கிய பி. இ. பி. தெரணியகல 1953ஆம் ஆண்டில் பெயரிட்டு விவரித்த இனம் அது. அதன் குஞ்சாயின் சிரட்டையைப் பலகையிலும் விரும்பக்கூடும்.

இரையாகக் கறையான், பழ ஈ, மிகச் சிறிய விட்டில் ஆகியவற்றை மாலையில் விடலாம். குஞ்சின் தலையிலும் பெரியது எதனையும் விடலாகாது. நுளம்புக்கு மருந்தடித்த வீட்டுப் பூச்சிகள் கூடா. நீரைக் கிண்ணத்தில் வைப்பதினும் கண்ணாடியில் தெளிப்பது மேல். துளிகளை அது நக்கிக் குடிக்கும். பல்லி நஞ்சுடையது என்பது பொய். ஆனால் அதன் எச்சத்தில் சல்மனெல்லா என்னும் நோய்க்கிருமி இருத்தல் கூடும். தொட்டியைத் தொட்டவர் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். குசினியில் அத்தொட்டியை வைத்தல் ஆகவே ஆகாது.

சில கிழமைகளில் குஞ்சு தேறிவிடும். பின்னர் அதனை முட்டை கிடைத்த வீட்டிலேயே, விளக்குக்கு அண்மையான சுவரில், இருட்டிய பின் விடலாம். வேறு ஊருக்குக் கொண்டுசென்று விடுதல் வேண்டா. புதிதாகக் கட்டப்படும் சீமெந்து வீடுகளில் ஓடும் இல்லை, கைமரமும் இல்லை. பூசி மெழுகிய சுவரில் பல்லிக்கு இடுக்கும் இல்லை. அத்தகைய வீடாயின், தொட்டியிலிருந்த பலகையைக் கழற்றி, அதே ஆப்புச் சட்டங்களுடன் விறாந்தைச் சுவரின் உச்சியில், மழைச்சாரல் படாத பக்கத்தில், திறந்த முனை கீழே நோக்க ஆணியடித்து மாட்டலாம். ஐப்பசி மழை தொடங்குமுன் மாட்டிவிடுதல் நன்று.