மாணவர் தந்த அதிகாரம்



2008 முதல் 2013 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் நாயகன் வால்டர் ஒயிட், பள்ளியில் வேதியியல் ஆசிரியர். புற்றுநோய் வந்ததும் குடும்பத்துக்குப் பணம் சேர்க்கவென்று போதைப்பொருள் தயாரிக்கத் துணிகிறார். தம்மிடம் படித்த ஜெஸ்ஸியை மிரட்டிக் கூட்டாளியாக்குகிறார்.

அதிகாரம் ருசித்தபின் குடும்பம் வெறும் சாக்காகிறது. ஜெஸ்ஸியின் காதலி மூச்சுத்திணறிச் சாகும்போது, காப்பாற்றாமல் பார்த்து நிற்கிறார். தமக்காகவே அனைத்தையும் செய்ததாக மனைவியிடம் ஒப்புக்கொள்வது கடைசி அத்தியாயத்தில்தான்.

ஜெஸ்ஸியோ கூட்டாளியான பின்னும் அவரை ‘மிஸ்டர் ஒயிட்’ என்றே அழைக்கிறான். வகுப்பறையைத் தாண்டியும் மாணவர் மனத்தில் நாம் ஆசிரியர்தான். அதுவே நமக்குள்ள பெரிய அதிகாரம். அந்த நம்பிக்கையை நம் தேவைக்குப் பயன்படுத்துவது துரோகம், பாவமும்கூட.