சிங்கம் யாருடைய பேர்?

(அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதி இளைஞர்கள் நடத்திய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கிருந்து சிங்கத்தைப் பார்க்கணும்னா வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குத்தான் போகணும். வரலாறு அறிந்த காலத்தில் தமிழகக் காடுகளில் சிங்கம் திரிந்ததாகத் தடயம் இல்லை. இந்தியாவில் காட்டுச் சிங்கம் மிஞ்சியிருப்பது குஜராத்தில் மட்டும். 2025 கணக்கெடுப்பில் 891. ஆனா நம்ம ஆள் பேரிலும் ஊர்ப் பேரிலும் சிங்கம் நிறைஞ்சு கிடக்குது: நரசிம்மன், சிங்கமுத்து, சிங்கப்பெருமாள்கோயில். மிருகம் வராத மண்ணுக்குச் சொல் வந்திருக்கு. வந்த சொல்லை யார் எடுத்துக்கிட்டாங்க என்பதுதான் நம்ம கேள்வி.

சொல்லாராய்ச்சியில் காதுக்கு ஒத்துப்போவதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. ஆவடி என்பது இங்கிலீஷ் எழுத்துகளின் சுருக்கம், டாங்கித் தொழிற்சாலையால் வந்த பேர் என்று இன்னமும் சொல்றாங்க. தொழிற்சாலை வந்தது 1961ல். ஆவடி காங்கிரஸ் மாநாடு 1955லேயே நடந்துவிட்டது. 'சிங்காரம்' கதையும் இதுதான். அது சிருங்காரத்திலிருந்து வந்தது. சிங்கத்தோடு அதுக்கு உறவில்லை.

வடமொழி 'சிம்ஹ' என்பது தமிழில் சிங்கம். பாலி, பிராகிருதத்தில் மக்கள் வழங்கிய 'சீஹ' என்பது சீயம். 'மடங்கல்' தமிழ்ச் சொல்.

பாலி என்றதும் புத்தர் வந்துவிடுகிறார். அவரைச் சாக்கியசிங்கம் என்றார்கள். அவர் அறவுரையைச் சிங்கநாதம் என்றார்கள். அவர் முதலில் போதித்த சாரநாத்தில் அசோகர் நட்ட தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்ற குரலுக்குச் சிங்கம் அடையாளமாக இருந்த காலம் உண்டு.

அதே சொல்லை அரச அதிகாரமும் எடுத்துக்கொண்டது. பல்லவர்களில் சிம்மவிஷ்ணு, நரசிம்மவர்மன், ராஜசிம்மன். ராஜா உட்காரும் இடம் சிங்காசனம். தமிழ்ப்படுத்தினாலும் சிங்கம் இறங்கவில்லை: அரி என்றால் சிங்கம், அரியணை. கடல் தாண்டினால் சிங்களம், சிங்கப்பூர். அந்த இரண்டு தீவுக் காட்டிலும் சிங்கம் கிடையாது.

பேர்ல என்னங்க இருக்குன்னு கேட்பாங்க. 2024ல் மேற்கு வங்கத்துச் சிலிகுரியில் ஒரு சிங்கத்துக்கு அக்பர், இன்னொண்ணுக்கு சீதா என்று பேர் இருந்ததை எதிர்த்து விஸ்வ ஹிந்து பரிஷத் கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குப் போனது. பேரில் ஒண்ணுமில்லை என்றால் வழக்கு எதுக்கு? மனுதர்மம் இரண்டாம் அத்தியாயம் பேருக்கே சட்டம் போட்டது. பார்ப்பனர் பேரில் மங்கலம், சத்திரியர் பேரில் பலம், வைசியர் பேரில் செல்வம், சூத்திரர் பேரில் இழிவு தெரியணும். வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இதை உடைத்த கதையும் இருக்கு. வடக்கே 'சிங்' என்பது ராஜபுத்திரர் பட்டம். 1699ல் குரு கோவிந்த் சிங் கால்சாவை உண்டாக்கி, சேர்ந்த ஆண் அத்தனை பேருக்கும் அந்தப் பேரைக் கொடுத்தார். முதலில் எழுந்த ஐந்து பேரில் தண்ணீர் சுமப்பவரும் முடிதிருத்துபவரும் இருந்தார்கள் என்கிறது சீக்கிய மரபு. 1675ல் டில்லியில் வெட்டப்பட்ட குரு தேக் பகதூரின் தலையை ஆனந்தபூருக்குச் சுமந்து வந்த பாய் ஜைதா, துப்புரவுச் சாதியில் பிறந்தவர். அவர் ஜீவன் சிங் ஆனார். ஆனாலும் பஞ்சாபில் பல கிராமங்களில் தலித் சீக்கியருக்கு இன்றும் தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு. பேர் கிடைச்சுது, இடம் கிடைக்கல.

1950 சனவரி 26 முதல் சாரநாத் சிங்கம் நம்ம அரசு முத்திரை. தமிழ்நாட்டு முத்திரையிலும் கோபுரத்துக்கு முன்னால் அது இருக்கு. அந்த முத்திரைக்குக் கீழே என்ன நடக்குது? 2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வச்சாங்க. ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கிற இதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலித் பெண் தலைவர் அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற முடியவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு, 20ஆம் தேதி அதிகாரிகள் முன்னிலையில் ஏற்றினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட இவங்க அரியணையாத்தான் பார்க்கிறாங்க.

1966ல் அமெரிக்கக் கறுப்பினத் தோழர்கள் கருஞ்சிறுத்தையை எடுத்தார்கள். 1972ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். தமிழ்நாட்டில் அது விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. ராஜா யாரும் சிறுத்தையின் பேரில் ஆசனம் போட்டு உட்காரவில்லை. அது நம்ம காட்டிலேயே திரியிற மிருகம். அந்தப் பேரை யாரும் நமக்குப் பட்டமாகக் கொடுக்கல, நாமே வச்சுக்கிட்டோம்.

தோழர்களே, அடுத்த கிராமசபை நாளில் அவரவர் ஊருக்குப் போங்க. நாற்காலியில் யார், தரையில் யார், கொடிக்கயிறு யார் கையில் என்று பாருங்க. பார்த்ததை எழுதிக்கிட்டு வாங்க. அடுத்த கூட்டத்தை அதிலிருந்து தொடங்குவோம்.