மகனும் மகளும்: பிள்ளைத்தமிழ் காட்டும் நெறி

(ஆலயத் திருவிழாவில் பெற்றோர்களுக்காக நிகழ்த்தப்பெற்ற உரை)



குழந்தை வளர்ப்பைத் தமிழர் இலக்கியமாகவே போற்றினர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுகிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழு பருவங்களும் இருபாலார்க்கும் பொதுவானவை. இறுதி மூன்று மட்டுமே வேறுபடும். மதுரை மீனாட்சியம்மைக்கும் வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமாரசுவாமிக்கும் தனித்தனியே பிள்ளைத்தமிழ் பாடியவர், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபர சுவாமிகள். அம்மைக்கு அம்மானை, நீராடல், ஊசல். முருகனுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். ஆயினும் தாலாட்டும், கைகொட்டலும், முத்தமும், நிலவை விளையாட அழைத்தலும் இருவர்க்கும் ஒன்றே.

பத்தில் ஏழு பொது, மூன்று வேறு. இன்றைய இல்லங்கள் பலவற்றில் இக்கணக்கு தலைகீழாகிவிட்டது.

இயற்கையில் வேறுபாடே இல்லை என்பது இதன் பொருளன்று. பெண்பிள்ளைகள் சராசரியாக ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே பூப்பெய்தும் வளர்ச்சியை அடைகின்றனர். ஆண்பிள்ளைகள் பலர் சற்றுத் தாமதித்துப் பேசத் தொடங்குகின்றனர். எனினும் இவை சராசரிகளே. எந்தத் தனிப் பிள்ளைக்கும் விதியாகா. மூன்று வயதளவில் குழந்தை தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லத் தொடங்குகிறது. அதனை உணர்ந்த குழந்தை, அதற்குரிய நடத்தை யாது எனத் தானே தேடுகிறது என்று அமெரிக்க உளவியலறிஞர் லாரன்ஸ் கோல்பர்க் 1966இல் விளக்கினார். அத்தேடலுக்கு முதல் விடை தருவது இல்லமே.

அவ்விடை யாது? உணவு முடிந்ததும் தமக்கை தட்டுகளைக் கழுவுகிறாள். தம்பி தொலைக்காட்சியின் முன் அமர்கிறான். மாலை ஆறு மணிக்கு மகள் எங்கே என்று வினவும் தந்தை, இரவு பதினொன்றுக்கு வரும் மகனை வினவுவதில்லை. வீதியில் தீமை இருப்பின் அது மகனையும் கெடுக்காதோ? "பெண்பிள்ளைபோல் அழாதே" என்று மகனைக் கண்டிக்கும் ஒரே சொல் இரு பாடங்களைக் கற்பிக்கிறது. துயரத்தை வெளியிடுவது இழிவென்று மகன் கற்கிறான். பெண்ணாயிருப்பதே இழிவென்று அருகிலிருக்கும் மகள் கற்கிறாள்.

இம்மண்ணின் வரலாறோ வேறு பாடம் புகட்டுகிறது. ரப்பர்த் தோட்டங்களில் தாய்மார்கள் குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஆடவரோடு சரிநிகராகப் பால்மரம் சீவினர். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில், கேப்டன் லட்சுமியின் தலைமையில், மலாயாத் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்திப் பயின்றனர். சிங்கப்பூரில் மருத்துவக் கல்வியில் சேரும் மாணவியருக்கு 1979இல் மூன்றில் ஒரு பங்கு என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. 2003இல் அது நீக்கப்பட்டது. மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இன்று மாணவியரே மிகுதி.

மகள்களுக்குக் கதவுகள் திறந்தன. மகன்களுக்கு அடுக்களைக் கதவு திறந்ததா என்பதே வினா. மகளுக்கு உயர்கல்வி தந்த பெற்றோர் மகனுக்கு வீட்டுப் பொறுப்பைக் கற்பிக்கத் தவறின், நாளை அம்மகன் நடத்தும் இல்லறத்தில் பணி முடிந்து திரும்பும் மருமகளே இரண்டாவது பணியையும் சுமப்பாள். அச்சுமையால் எழும் பூசல், பேரப்பிள்ளைகளின் தலையிலேயே விடியும்.

இனி, வகுத்த வரம்பில் அடங்காத பிள்ளைகளும் உண்டு. பந்தாட விரும்பும் மகள் உண்டு. நடனம் பயில விழையும் மகனும் உண்டு. பரதநாட்டியத்தின் இன்றைய கச்சேரி முறையை 19ஆம் நூற்றாண்டில் வகுத்த தஞ்சை நால்வர், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்த ஆடவரே என்பதை நகைப்போர் அறிதல் வேண்டும். திருச்செங்கோட்டு மலையில் இறைவன் பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் வழிபடப்பெறுகின்றான். அவ்வடிவைக் கைகூப்பி வணங்குவோர், மென்மையான மகனையோ துணிவான மகளையோ எள்ளி நகையாடுதல் தகுமா? இல்லத்தில் நகைப்புக்கு ஆளான பிள்ளை முதலில் மறைக்கக் கற்கிறது. பின்னர்ப் பெற்றோரிடம் எதையுமே உரைப்பதில்லை. ஆபத்து நேருங்காலத்தும் அப்பிள்ளை வாய் திறவாது. பெற்றோர்க்கு இதனினும் பெரிய இழப்பு வேறில்லை.

ஆகவே பெற்றோர்கள் செய்யத்தக்கவை மூன்று. வீட்டு வேலையை வயதுக்கேற்பப் பகிர்க, பாலுக்கேற்ப அன்று. வெளியே செல்லும் நேரத்திற்கும் திரும்பும் நேரத்திற்கும் இருவர்க்கும் ஒரே விதி வகுக்க. பிள்ளையின் விருப்பத்தைப் பழிக்குமுன் செவிமடுக்க.

ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கே உரிய சிற்றில் பருவத்திலும் ஓர் அறிவுரை பொதிந்துள்ளது. சிறுமியர் மணலில் கட்டிய சிறுவீட்டைச் சிதைக்க வேண்டா எனச் சிறுவனை வேண்டுவதே அப்பருவம். பிறர் கட்டியதைச் சிதையாத வலிமையை மகனுக்கும், சிதைப்பவனைத் தடுத்துரைக்கும் துணிவை மகளுக்கும் அளிப்பதே பெற்றோரின் கடன்.

எல்லாம் வல்ல அம்மையப்பன் திருவருள் அனைத்து இல்லங்களிலும் பொலிக.