பிள்ளை சொன்னால் முதலில் கேளுங்கள்
(யாழ்ப்பாணப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்திலிருந்து வந்து இங்கே பேசும்போது புங்குடுதீவு நினைவுக்கு வருகிறது. 2015 மே 13ஆம் திகதி பள்ளிக்கூடம் போன மாணவி மறுநாள் சடலமாகக் கிடந்தாள். மே 20ஆம் திகதி, கொதித்த கூட்டம் யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கே கல்லெறிந்தது. ஒன்பது பேர் மீது வழக்கு நடந்தது. 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனை, இருவர் விடுதலை. தீர்ப்பைக் கூட்டத்தின் கையில் கொடுத்திருந்தால் அந்த இருவரும் தப்பியிருப்பார்களா?

இனி நம் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ‘சேர் அடித்தார்’, ‘கூடாத மாதிரித் தொட்டார்’ என்று ஒரு பிள்ளை சொல்கிறது. பெயர் கெடும் என்று அதிபர் மூடப் பார்க்கிறார். பெற்றோர் அடிக்கக் கிளம்புகிறார்கள். எப்படியும் உண்மை வெளிவராமல் போகிறது.

தொழிலாளி மீது துரை குற்றம் சொன்னால், விசாரணை வை என்று கேட்கிறோம். ஆசிரியருக்கும் அதே நியாயம்தான். ஆனால் விசாரணை முடியும்வரை அவர் அந்தப் பிள்ளையின் பக்கம் வரக்கூடாது. அவர் நம் சங்கத்து ஆளாக இருந்தாலும் சரி.

பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். திரும்பத் திரும்பக் கிளறாதீர்கள். சொன்னதை அப்படியே திகதியோடு எழுதி வையுங்கள். காயமிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பொலிஸிலோ, 1929 இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடமோ முறையிடுங்கள். பேஸ்புக்கில் யார் பெயரையும் போடாதீர்கள்.

அதிபர் தட்டிக்கழித்தால் சங்கத்துக்கு வாருங்கள். முறைப்பாடு எழுத நாங்கள் கூட இருப்போம்.